யாரும் கேட்காத ஊசி

ஊசி குத்தியதும் நான் முதலில் செய்த காரியம், விரலை வாயில் வைத்ததுதான். கையுறையைக் கழற்றி, ஆள்காட்டி விரலில் பொட்டு மாதிரி நின்ற ரத்தத்தை உறிஞ்சித் துப்பினேன், அவ்வளவுதான். இதைப் படிக்கிற நர்ஸுகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். ஆம்பூரில் பதினொரு வருஷம் ஷூ கம்பெனியில் மிஷின் ஓட்டியவளுக்கு விரல் தானாக வாய்க்குப் போகும். அங்கே நாங்கள் தைப்பது அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம். அதன் வெளிர் லைனிங்கில் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் பீஸ் ரிஜெக்ட். அதனால் ஊசி குத்தினால் முதலில் பீஸை நகர்த்துவோம், பிறகு விரலைச் சப்புவோம், அதற்கப்புறம்தான் எங்களுக்கு வலிக்கும்.

என் பெயர் கலா. வயது முப்பத்தாறு. ஆர்டர் குறைந்து கம்பெனியில் ஆட்களைக் கழித்தபோது நானும் வெளியே வந்தேன். ஆம்பூரிலேயே ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை கிடைத்தது. சேர்ந்து நாலாவது மாதம் இது நடந்தது.

ஆஸ்பத்திரிக் குப்பையில் பைக்கு ஒரு நிறம் உண்டு. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில் போகும். டிரிப் குழாய் சிவப்புப் பையில் போகும். ஊசி எந்தப் பையிலும் போகக் கூடாது. குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பா ஒன்று இருக்கிறது, அதில்தான் போட வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. ஆறாம் ரூம் பேஷன்ட் காலையில்தான் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த ரூமின் மஞ்சள் பையைக் கையால் அமுக்கி முடிச்சுப் போடும்போது சுருக்கென்றது. யாரோ அவசரத்தில் பஞ்சோடு ஊசியையும் சுருட்டிப் போட்டிருக்கிறார்கள். பையைப் பிரித்துப் பார்த்தேன். ரத்தம் எடுத்த ஊசி. உள்ளே துளை இருக்கும் ஊசி அது, துளைக்குள் ரத்தம் கறுத்து நின்றது.

அடுத்து நான் செய்ததுதான் ஆம்பூர்க்காரி செய்கிற காரியம். அந்த ஊசியை ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கம் செலோ டேப் போட்டு ஒட்டினேன். பக்கத்தில் எழுதினேன்: ரூம் ஆறு, வெள்ளி, பதினொன்று நாற்பது, கலா.

ஷூ கம்பெனியில் அதுதான் சட்டம். தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டு எல்லாம் கிடைக்க வேண்டும். ஒரு முனை ஷூவுக்குள் தங்கிவிட்டால் எங்கோ யாரோ ஒருவர் காலில் ஏறும். அதனால் மிஷினை நிறுத்தி, காந்தத்தை வைத்துக்கொண்டு தரையெல்லாம் தவழ்ந்து தேடுவோம். கிடைத்த துண்டுகளை ஊசி நோட்டில் ஒட்டி, மிஷின் நம்பர், நேரம், பெயர் எழுத வேண்டும். சூப்பர்வைசர் துண்டுகளைச் சேர்த்துவைத்து முழு ஊசியா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு டேப்பின் மேலேயே கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம்தான் புது ஊசி. எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர் மெஹருன்னிசா அக்கா. ஒரு தடவை எள் அளவு முனை கிடைக்காமல் இரண்டு மணி நேரம் லைன் முழுக்க நின்றது. கம்பெனி பஸ் போய்விட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு லைனை ஓட்டு என்று மேனேஜர் வந்து கத்தினார். அக்கா பேனாவை மூடி ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு, "கண்ணால பாக்காத எதுக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்" என்றார்.

அதே பழக்கத்தில், சாயந்திரம் யாராவது வந்து ஊசிக் கணக்கு கேட்பார்கள், அட்டையைக் கொடுத்துவிடலாம் என்று துப்புரவு அலமாரியில் வைத்துக் காத்திருந்தேன். நானாகப் போய்ச் சொல்ல பயம். கம்பெனியில் அடிக்கடி குத்திக்கொள்கிறவளை மிஷினை விட்டு எழுப்பி நூல் வெட்ட உட்கார வைப்பார்கள். இங்கே கான்ட்ராக்ட்காரியை எங்கே உட்கார வைப்பார்கள்? வீட்டில்தான். வெள்ளிக்கிழமை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமையும் கேட்கவில்லை. ஒரு ஊசி கணக்கில் குறைகிறது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல், பினாயில் எடுக்க எங்கள் அலமாரியைத் திறந்த ரீட்டா சிஸ்டர் அட்டையைப் பார்த்துவிட்டார். நர்ஸுகளுக்கெல்லாம் அவர்தான் தலைமை.

"இன்னா கலா இது?"

"ஊசி சிஸ்டர். மஞ்சப் பையில இருந்துச்சு. யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரில."

"குத்துச்சா?"

"லைட்டாதான்."

"சோப்பு போட்டுக் கழுவினியா?"

"சப்பித் துப்பிட்டேன் சிஸ்டர்."

அவர் அங்கேயே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கியா?" என்று கேட்டார். எங்களுக்கு யார் போட்டார்கள்? நர்ஸுகளுக்கு மூன்று டோஸும் போட்டாயிற்று. எங்களுக்குக் கான்ட்ராக்டர் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியும், ஆஸ்பத்திரி போடும் என்று கான்ட்ராக்டரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் அட்டையை இடுக்கியால் பிடித்து வெள்ளை டப்பாவுக்குள் போட்டார். "ரெண்டு நாளாச்சே, பாவி" என்றார். அப்போதே வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, உடனே பஸ் ஏறச் சொன்னார்.

வேலூருக்குப் பஸ் ஏறினோம். என் வீட்டுக்காரர் தேவா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், தோல் ஊறுகிற டிரம் ஓட்டுகிறவர், ஷிப்டிலிருந்து அப்படியே வந்துவிட்டார். பஸ்ஸில் அவர் மேலிருந்த தோல் வாடைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். குத்தின இடம்கூடத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு. கை முறிந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், ரத்தத்தோடு வந்தவர்கள். நடுவில் நான், ஒரு காயமும் இல்லாமல். டோக்கன் கொடுத்த பையன் "பேஷன்ட் எங்கம்மா?" என்று கேட்டான். நான்தான் என்றதும் தலையிலிருந்து கால் வரை பார்த்தான்.

டாக்டர் சின்னப் பெண். நிதானமாகச் சொன்னார். இப்படிக் குத்தும் ஊசியில் பயப்பட வேண்டிய கிருமிகள் மூன்று. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி. பேர் பெரியது எச்ஐவிதான். ஆனால் ஊசி வழியாகச் சுலபமாக ஏறுவது பி. அது ஈரலைத் தாக்கும். சிலருக்குக் காமாலை வந்து போய்விடும், சிலருக்கு உள்ளேயே உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஈரலைத் தின்னும். எச்ஐவி வராமல் தடுக்கிற மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே.

"நீங்க வந்தது ஐம்பத்தோராவது மணி நேரம்" என்றார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, எனக்கு அது மணிக்கணக்கில் விளங்கியது.

மாத்திரை ஆரம்பித்தார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முதல் டோஸ் போட்டார்கள். ஆனால் அது போதாதாம். தடுப்பூசி போட்டால் உடம்பு தன் படையைத் திரட்ட நாளாகும். அந்த ஊசியின் ரத்தத்தில் பி இருந்திருந்தால், அதுவரை காக்க வாடகைப் படை மாதிரி இன்னொரு ஊசி இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் என்று பெயர். ஒரு வாரம் தாண்டினால் அதைப் போட்டும் பிரயோஜனமில்லை. விலையும் அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. ரத்தம் யாருடையது என்று தெரிந்து அவரை டெஸ்ட் செய்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

"யாரோட ஊசின்னு தெரியுமா?"

தெரியும். ஆறாம் ரூமில் நாலு நாள் காய்ச்சலும் வயிற்று உப்புசமுமாகப் படுத்திருந்தது மெஹருன்னிசா அக்காதான். நான் ரூம் துடைக்கப் போகும்போதெல்லாம் "மூலைய வுட்டுட்ட பாரு" என்று படுத்தபடியே மேற்பார்வை பார்த்தார்.

அந்த மாத்திரை என்னைப் புரட்டிப் போட்டது. குமட்டல், தலைசுற்றல், எழுந்தால் சுவர் சாய்கிறது. உடம்பைவிட மனசு மோசம். என் மகள் யாழினிக்கு எட்டு வயது. மடியில் வந்து விழுந்தவளைத் தள்ளிவிட்டேன். என் தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் பிரித்து வைத்தேன். கட்டிப்பிடித்தால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, பல் பிரஷ், பிளேடு, நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காதில்தான் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே நகவெட்டியைக் காம்பவுண்டுக்கு வெளியே வீசி எறிந்தேன். தேவா ரேஷன் கார்டு வைத்த பிளாஸ்டிக் கவரைக் கொட்டி, குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தார். பிறந்தபோதே ஹெபடைட்டிஸ் பி போட்டிருந்தது. அந்த ஒரு வரியை எனக்கு நாலு தடவை படித்துக் காட்டினார்.

"எனக்கு அட்டையே இல்ல. ஆறு மாசம் நான் பிரம்மச்சாரி" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் அழுதேன். அவருக்கும் தடுப்பூசி போட வேண்டும், ஆறு மாதம் கழித்துக் கடைசி டெஸ்ட் வரும் வரை இருவரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை நர்ஸிங் ஹோமிலிருந்து மெஹர் அக்கா வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்தார்கள். டெஸ்ட் என்றதும் லைன் கட். நாங்களே பேசிக்கொள்கிறோம், நீ போகாதே என்றுதான் ரீட்டா சிஸ்டர் சொன்னார். நான் போனேன்.

கதவைத் திறந்தது மருமகள் ஷபானா. பாதிக் கதவுதான் திறந்தாள்.

"எங்க மாமிக்கு அந்த மாதிரி நோய் எல்லாம் இன்னாத்துக்கு வருது? என் நாத்தனார் பொண்ணுக்கு சம்பந்தம் பேசிகினு இருக்கோம். இப்பப் போயி ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்தாங்க, அந்த டெஸ்டு, இந்த டெஸ்டுன்னு வெளில தெரிஞ்சா? நீ போம்மா, பேஜார் பண்ணாத."

"ஒரு சிரிஞ்ச் ரத்தம்தான் ஷபானா. எனக்கும் குழந்த இருக்குது."

"அதுக்கு நாங்க இன்னா பண்றது? பாத்து வேல செய்யணும்."

கதவு மூடிக்கொண்டது. பாத்து வேலை செய்ய வேண்டுமாம். எனக்குள் எதுவோ அறுந்துவிட்டது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. தெருவில் நின்று கத்தினேன். "உங்க மாமி ரத்தம் என் உடம்புல ஓடுது! அதுல இன்னா நோய் இருக்குதுன்னு சொல்லிட்டுக் கதவ மூடு!" எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். நான் அங்கே கத்தின சத்தத்துக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். பதினொரு வருஷம் என்னிடம் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனுஷியின் பெயரை நான் தெருவில் போட்டு உடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நர்ஸிங் ஹோம் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. மெஹர் அக்கா தனியாக இறங்கினார். புர்காவுக்கு மேலேயே வயிறு வீங்கியிருப்பது தெரிந்தது. படியேற மூச்சு வாங்கியது. நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று குனிந்து நின்றேன்.

"ஊசி எங்க?"

"சிஸ்டர் டப்பால போட்டுட்டாங்க அக்கா."

"நோட்டுல எழுதினியா?"

"இங்க நோட்டே இல்ல அக்கா."

"நோட்டு இல்லாமலா இத்தினி ஊசி ஓடுது?" என்று ரீட்டா சிஸ்டரைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். சிஸ்டர் மேஜையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். அக்காவே கட்டம் சொன்னார். ரூம், நாள், நேரம், பெயர். கடைசிக் கட்டம், முழுதும் கிடைத்ததா, கையெழுத்து. முதல் வரியில் என் பெயர் ஏறியது.

பிறகு அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். "ஊசில ஒரு துண்டு இவ கைல கெடச்சுச்சு. இன்னொரு துண்டு என் ரத்தத்துல இருக்குது. ரெண்டையும் சேத்துப் பாக்கணும் இல்ல? எடுங்க."

சாயந்திரம் ரிசல்ட் வந்தது. என்னிடம் சொல்லச் சிஸ்டருக்கு உரிமை இல்லை என்பதால் அக்காவே கூப்பிட்டுச் சொன்னார். "பெரிய பேய் இல்லியாம் கலா. சின்னப் பேய் இருக்குதாம்." எச்ஐவி இல்லை, சி இல்லை, ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. எத்தனை வருஷமாக இருக்கிறதோ, எந்தப் பிரசவத்தில், எந்த ஊரில் கொதிக்க வைக்காத எந்த ஊசியில் வந்ததோ, யாருக்கும் தெரியாது.

எனக்கு எச்ஐவி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். தேவா ஒரு தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் போட்டு, வேலூரிலிருந்து இம்யூனோகுளோபுலின் மருந்தை பைக்கில் கொண்டுவந்தார். அன்று சம்பள அட்வான்ஸை எவ்வளவு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குத்திய ஐந்தாம் நாள் அந்த ஊசியை இடுப்பில் போட்டார்கள். வேலை செய்யுமா என்று கேட்டேன். முதல் நாளே வந்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றார் டாக்டர். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று ரத்தம் பார்க்க வேண்டும். ஆறாம் மாதம் பார்ப்பதுதான் கடைசி வார்த்தை.

அந்த ஆறு மாதத்தை என்ன சொல்வது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் கண் இமையை இழுத்து மஞ்சளா என்று பார்ப்பேன். டியூப் லைட்டில் மஞ்சளாகத் தெரியும், வெயிலில் வெள்ளையாகத் தெரியும். சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஈரல் என்று பயப்படுவேன், நன்றாக இறங்கினால் நோய் பதுங்குகிறது என்று பயப்படுவேன். ஆறாவது வாரம், இல்லை. மூன்றாம் மாதம், இல்லை. இரண்டு முறையும் "இதுவரைக்கும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தே சொன்னார்கள்.

மெஹர் அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் சுருங்கிப் போயிருந்தது. வயிற்றில் இருந்தது உப்புசம் இல்லை, தண்ணீர். அவர் வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துத் தடுப்பூசி போட்டார்கள். பேத்தியின் சம்பந்தம் நின்றுபோனது. காரணம் யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். என் வாய்தான்.

அக்காவை வேலூரில் சேர்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருவேன். ஷபானா வந்தால் நான் வெளியே வராந்தாவுக்குப் போய்விடுவேன். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்கிற நாட்களில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்பார்: "ஊசி டப்பால வுழுந்துச்சா, பாத்தியா?" பார்த்தேன் என்று சொன்ன பிறகுதான் பிடி தளரும். அந்த வார்டில் என்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்க முடிந்ததே இல்லை. கேட்க வாயெடுத்தால், "தண்ணி குடு" என்பார்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள், "நோட்ட எடுத்துனு வா" என்றார். ரீட்டா சிஸ்டர் முணுமுணுத்தபடியே கொடுத்தார். அதில் இப்போது இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. அக்கா முதல் பக்கத்தைத் திறந்து என் வரியைத் தேடினார். கடைசிக் கட்டம் மட்டும் காலி. பேனா கேட்டார்.

"அக்கா, ரிசல்ட் இன்னும் வரல. ஒரு மாசம் இருக்குது."

"தெரியும்."

"கண்ணால பாக்காம போடமாட்டேன்னு நீங்கதான சொல்வீங்க? மேனேஜருக்கே போடலியே! இப்ப இன்னாத்துக்குப் போட்றீங்க?" எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவர் போடாமல் இருந்தால் ஒரு மாதம் இருந்தே தீருவார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"உனக்கு ஒரு மாசம் இருக்குதுமா. எனக்கு இருக்குதான்னு யாரு சொன்னாங்க?"

கட்டத்துக்கு வெளியே போய், கீழ் வரியிலும் இடித்து, மெஹருன்னிசா என்று முழுப் பெயரையும் எழுதினார். அவர் கையெழுத்து அப்படி இருக்காது. நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறாம் மாத ரிசல்ட்டை ஆஸ்பத்திரிக் கவுண்டர் ஜன்னலில் வாங்கியபோது அக்கா போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கிருமி இல்லை. எதிர்ப்பு சக்தி நன்றாக ஏறியிருக்கிறது. இந்த முறை "இதுவரைக்கும்" என்ற சொல் இல்லை. தேவா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஆம்பூரில் இறங்கியதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் அந்தத் தெருவுக்குப் போனேன்.

ஷபானா கதவை முழுதாகத் திறந்தாள். முகம் இளைத்துப் போயிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் அன்று பார்த்த அதே பெண்கள் நின்றார்கள். நான் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு ஷபானா. அக்கா வந்து ரத்தம் குடுத்ததால பொழச்சேன்."

அவள் கதவை விட்டு விலகி வாசலுக்கே வந்தாள்.

"இன்னாத்துக்கு மெதுவா சொல்ற? அன்னிக்கு தெருவே கேட்டுச்சு இல்ல? இன்னிக்கும் கேக்கட்டும். சத்தமா சொல்லு."

வாயைத் திறந்தேன். அன்று அவ்வளவு பெரிதாக வந்த குரல் வரவேயில்லை.